காந்தம் ஒட்டுகிறதா?

ஆர்ஹுஸ், டென்மார்க்
3 நவம்பர் 2024

அன்புள்ள ரஞ்சன்,

போனில் பேசினால் எப்போது வருகிறாய் என்று நான் கேட்பேன், நீ கத்துவாய், நானும் கத்துவேன். இனி மெயிலில் எழுதிக்கொள்வோம் என்றாய். சரி, எழுதுகிறேன்.

நீ அனுப்பிய குக்கர் வந்தது. அடுப்பில் வைத்தால் அடுப்பு இரண்டு தரம் சிமிட்டிவிட்டு அணைந்துபோகிறது. இது இண்டக்‌ஷன் அடுப்பு, அலுமினியம் ஆகாது என்று எத்தனை முறை சொன்னேன்? நம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. அடியில் ஒட்டினால் மட்டும் வாங்கு.

இந்த ஊரில் எதைக் கேட்டாலும் இல்லை. குளிக்க ஒரு மக் தேடி நான்கு கடை ஏறி இறங்கி, கடைசியில் மாவு அளக்கிற ஜாடி வாங்கி வந்தேன். சூடான பாத்திரம் இறக்க இடுக்கி இல்லாமல் குளிருக்கு வாங்கிய கையுறையால் பிடிக்கிறேன். ஒன்று கருகிவிட்டது.

ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றாய். பதினோரு மாதம் ஆகிறது.

உன் சௌம்யா


குகட்பள்ளி
17 நவம்பர் 2024

என் சௌம்யாவுக்கு,

மூணாறில் வாங்கிய யானைக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். எடுக்கிற பாத்திரத்தை எல்லாம் கவிழ்த்து யானையை ஒட்டிப் பார்த்தால் எந்தக் கடைக்காரனுக்குத்தான் பொறுக்கும்? ஒருவர், "லேனா ஹை தோ லேவ், நக்கோ தோ ஜாவ்" என்றார். வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ணு என்று மரியாதையாகச் சொல்கிறாராம். அதற்குள் பக்கத்தில் நின்ற அம்மாள் யானையைக் கடன் வாங்கித் தன் தவாவைச் சோதித்துக்கொண்டார்.

ஐந்தாவது கடையில்தான் ஒட்டியது. மூன்று லிட்டர் ஸ்டீல் குக்கரும் இரும்பு தோசைக்கல்லும் அனுப்பியிருக்கிறேன். கூரியர் பையன் தூக்கிப் பார்த்துவிட்டு ஜிம்முக்கா சார் என்று கேட்டான். இடுக்கியைக் குக்கருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். எறிந்துவிடாதே.

ஆபீஸில் வேலை அதிகம். வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ரஞ்சன்


ஆர்ஹுஸ்
8 டிசம்பர் 2024

அன்புள்ள ரஞ்சன்,

அடுப்புக்குக் குக்கரைப் பிடித்துவிட்டது. ஆனால் மூடியின் ரப்பர் கிழிந்து வந்திருக்கிறது. ஆவியெல்லாம் பக்கவாட்டில் போகிறது, விசில் வருவதே இல்லை. பருப்பு முக்கால் மணி நேரம் வேகிறது. ரப்பர் ஒன்று அனுப்பு. அளவு பார்த்து வாங்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே.

பிறகு எழுதுவதாகச் சொன்னாயே, அந்தப் பிறகு எப்போது?

சௌம்யா


குகட்பள்ளி
12 ஜனவரி 2025

சௌம்யா,

முதலில் அனுப்பிய ரப்பர் சின்னது என்றாய். இரண்டாவது பெரியது என்றாய். மூன்றாவதை வெள்ளிக்கிழமை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மாதாப்பூர் ஆபீஸுக்குப் போகிறேன், கூட வேலை செய்கிற கோபி உட்கார்ந்திருக்கிறான். ஒரு மாத வேலையாக உங்கள் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். என் பையில் ரப்பரைப் பார்த்ததும் சிரிக்கிறான். ஸ்டேஷனுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக்காரர் கடை இருக்கிறதாம். குக்கர், ரப்பர், இடுக்கி, குளிக்கிற மக், எல்லாம் வரிசையாகத் தொங்குகிறதாம். நீயும் அங்கே நின்றாயாம். கடைக்காரர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

எத்தனை நாளாக உனக்கு இந்தக் கடை தெரியும்? என்னை ஏன் இப்படிப் பைத்தியக்காரனாக அலையவிட்டாய்?

ரஞ்சன்


ஆர்ஹுஸ்
13 ஜனவரி 2025

ரஞ்சன்,

போன பிப்ரவரியிலிருந்தே தெரியும். ஜாடியும் கையுறையும் நிஜம்தான், ஆனால் அதெல்லாம் வந்த புதிதில் நடந்தது.

எப்போது வருகிறாய் என்று கேட்டால் ஒரு வரி எழுதுகிறாய். குக்கர் கேட்டால் யானை, கடைக்காரர், கூரியர் பையன் என்று எல்லாம் எழுதுகிறாய். அதைப் படிப்பதற்காகத்தான் கேட்டேன். உன்னை அலையவிட்டது தப்பு. ஆனால் இங்கே தனியாக உட்கார்ந்து எனக்கும் அலுத்துவிட்டது.

இனி எதுவும் கேட்கமாட்டேன், இந்த ஒன்றைத் தவிர. வருவாயா, மாட்டாயா? ஏப்ரலில் இந்த வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. மாட்டாய் என்றால் ஓர் அறை வீடு எனக்குப் போதும். அதைச் சொல்லிவிடு, போதும்.

ரப்பர் மட்டும் நிஜமாகவே கிழிந்திருந்தது. சரியான அளவு அந்தக் கடையில் தொங்குகிறது. நான் இன்னும் வாங்கவில்லை.

சௌம்யா


குகட்பள்ளி
2 பிப்ரவரி 2025

அன்புள்ள சௌம்யா,

இரண்டு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாவது வாரம் என்மேல்.

நீ மட்டுமா மறைத்தாய்? என் விசா அக்டோபரிலேயே வந்துவிட்டது. பீரோவில் உன் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இங்கே வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து, நீ சம்பாதிக்க நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆபீஸில் வேலை அதிகம் என்பதெல்லாம் சும்மா.

வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டேன். ஏப்ரல் ஆறாம் தேதி மாலை இறங்குகிறேன். ஸ்வெட்டர் கொண்டு வா. வீட்டை மாற்றாதே.

ரப்பர் மூன்று அளவில் வாங்கி வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்பப் போவதில்லை. நானே மூடியில் மாட்டிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

உன் ரஞ்சன்

பி.கு.: அதுவரைக்கும் பருப்பு முக்கால் மணி நேரமே வேகட்டும். அந்தக் கடையில் போய் ரப்பர் வாங்கித் தொலைத்துவிடாதே.