நல்ல ரத்தங்களில் ஒன்று

அம்மாவுக்கு மெல்போர்னிலிருந்து தெலேசியாவின் வணக்கமும் முத்தங்களும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நன்றாக இருக்கிறேன். மறதி நோயை ரத்தத்திலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் பாடுபடுகிறோம் என்று உனக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் வேண்டுமே. அதற்கு ஆய்வகத்தில் நாங்களே கையை நீட்டுவோம். போன தடவை அந்த நல்ல ரத்தங்களில் ஒன்றில் மட்டும், நரம்பு சிதைந்தால் கசியும் புரதம் எக்கச்சக்கமாக இருந்தது. யாருடையது என்று பார்த்தால், என்னுடையது. அப்பாவின் முகம்தான் கண்முன் வந்தது.

எங்கள் தலைவி பிரான்வின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரக்பி ஆடினியா?"

"ஆடினேன். தலையில லேசா இடிச்சுது."

"லேசாவாம்! அடிபட்டாலும் இது ஏறும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ நீதானேடி! உனக்கே தோணலையா?"

பயத்தில் தோன்றவே இல்லை, அம்மா. இரண்டு மாதம் பொறுத்து மறுபடி பார்த்தோம். நேற்று முடிவு வந்தது, இறங்கிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதத் துணிந்தேன். திட்டாதே.

டோங்காவிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், நீ காய்ச்சும் தேங்காய் எண்ணெய் ஒரு புட்டி கொடுத்தனுப்பு. இங்கே வாங்குவதில் வீட்டு வாசனை வருவதில்லை.

சோதிக்க வேண்டிய ரத்தக் குப்பிகள் வந்துவிட்டன, ஓடுகிறேன். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. நான் யாரென்று கேட்டால் விட்டுவிடு. ஆட்டத்தில் ஜெயித்தது யாரென்று கேட்டால், நாங்கள்தான் என்று சொல்.

உன் தெலேசியா