என் கல்லைப் பார்க்கப் போன கதை

என் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நானும் ஆரம்பித்துவிடுவேன், விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

சில மாதங்களுக்கு முன்னால் எனக்குச் சளி, தொண்டை கட்டியிருக்கிறது, குரல் அதனால்தான் ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது சளி இல்லை. எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயப்படாதே, எடுத்தாயிற்று, இப்போது வேலைக்கும் போகிறேன். காலைக் கூட்ட நேரத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன், வரிசை வாசலைத் தாண்டி நின்றது, ஒரு பெரியவருக்குச் சில்லறை நீட்டும்போது இடுப்புக்குப் பின்னால் கத்தியை விட்டுத் திருகியதுபோல் ஒரு வலி, கையிலிருந்த காசெல்லாம் தரையில் உருண்டது. நான் போட்ட சத்தத்தில் வரிசையே கலைந்துவிட்டதாம். பக்கத்துக் கவுண்ட்டர்க்காரர்தான் வண்டி பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார். அப்பா ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறு காலில் வெளிச் செருப்புமாக ஓடி வந்தார். நீ அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தாய், வந்ததும் வராததுமாக லீவு கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று அவர்தான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நானும் தலையாட்டினேன். ஆனால் ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது உன் குரலையாவது ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்றுதான் நினைத்துக்கொண்டே போனேன்.

மறுநாள் கட்டிலருகே ஒரு பெண் வந்து நின்றாள். உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். கல் எப்படி உண்டாகிறது, எப்படி வளர்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறவளாம், மருத்துவமனைக்குப் பின்னாலேயே அவர்களுக்குத் தனிக் கட்டடம். வேறு நாட்டுக்காரி, நம் பேச்சை இங்கே வந்துதான் கற்றிருக்கிறாள், அதுவும் அரைகுறை. அம்மா, வலி மொதல்ல எப்போ வந்தாரு, இப்பவும் வர்றாரா என்று கேட்டாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்று தெரிந்தும் சிரித்தேன். அப்பா அன்றிலிருந்து வலியை அவர் இவர் என்றுதான் சொல்கிறார், மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது என்கிறார். என் கல்லை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று அவள் கேட்டாள். வீட்டு அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா போகிறேன், தாராளமாக எடுத்துக்கோ, ஆனா எனக்கும் ஒரு நாள் காட்டணும் என்றேன்.

அதற்கப்புறம் நானும் அப்பாவும் அங்கே பல தடவை போய்வந்தோம். நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள், எனக்கு ஒரு கேன், அப்பாவுக்கு ஒரு கேன். ஒரே வீட்டில் ஒரே தண்ணீரைக் குடித்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம், எனக்கு ஏன் வந்தது, அவருக்கு ஏன் வரவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். அப்பா பஸ்ஸில் அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும், பக்கத்து சீட்டுக்காரர் பைக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார், இவர் பெரிய மனிதர்போல் தேங்க்ஸ் சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் என்னை எதிரே உட்காரவைத்து நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், தூக்கம் வந்ததா என்று கேட்பாள். அவள் வேலைக்காகத்தான் கேட்கிறாள், எனக்குத் தெரியாதா. ஆனாலும் நீ போனபிறகு என்னை இப்படி முகத்தைப் பார்த்து யார் கேட்டார்கள் சொல். வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பதில் சொன்னேன். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாகக்கூட இருந்தது.

ஒரு நாள் சொன்னபடியே கல்லைக் காட்டினாள். கண்ணாடித் தாள்போல் மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, திரையில் பெரிதாக்கினாள். வெளுப்பும் பழுப்புமாக அடுக்கடுக்காக இருந்தது. தண்ணீர் குறைந்தால் உப்பு கரைய இடமில்லாமல் பொடிப்பொடியாகத் திரளுமாம், ஒரு துணுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டால் அதன்மேல் படிந்து படிந்து வளருமாம். நடுவில் கொஞ்சம் கரைந்து, மறுபடி அதன்மேலேயே வளர்ந்த அடையாளமும் இருக்கிறது என்று ஒரு ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள், அது எதனால் கரைந்தது என்று தெரிந்தால் கத்தி வைக்காமலே வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் பொண்ணு ஊரைவிட்டுப் போன வருஷம் இதுல எந்த அடுக்கும்மா என்று கேட்டேன். கல்லுல தேதி போட்டிருக்காதும்மா என்றாள். சரிதானே.

வெளியே வந்தால் அப்பா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார், நான் மாடிப்படியில் காத்திருந்தேன். அந்தப் பெண் இரண்டு படி கீழே சுவரில் சாய்ந்து அவள் பாஷையில் போன் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும், உன் குரல் அது, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசுகிற குரல். போனை வைத்ததும், அம்மாவா, என்ன கேட்டாங்க என்றேன். சாப்பிட்டியான்னு கேட்டாங்க என்றாள். நீ என்ன சொன்னே என்றேன். சாப்பிட்டேன்னு சொன்னேன் என்றவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் போய், சிரிக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். ஊருக்குத் தண்ணீர் குடி என்று சொல்கிறவள்! என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அங்கேயே உட்காரவைத்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டு அவளாகவே மறுபடி அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள், அந்தப் பக்கம் சத்தம் போட்டுத் திட்டுவது எனக்கே கேட்டது, அப்புறம் அழுகை. போனை என் கையில் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, நான் சொன்னதும் அவளுக்குப் புரிந்திருக்காது, உங்க பொண்ணு தங்கமான பொண்ணு, நான் பாத்துக்கறேன், கவலப்படாதீங்க என்று என் பாட்டுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினோம்.

அன்று பஸ்ஸில் வரும்போது உனக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். நான் சளி என்று சொன்னதைப் போல நீ எதையெல்லாம் என்னிடம் மாற்றிச் சொல்கிறாயோ. அங்கேயும் ஒரு மாடிப்படி இருக்கும். அதில் உன் பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

ரத்த சொந்தத்தில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம், அதனால் நீ அங்கே டாக்டரிடம் சொல்லி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடு. வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதே, எழுந்து போகச் சோம்பல்பட்டு அடக்காதே, நான் கவுண்ட்டரில் செய்ததெல்லாம் அதுதான். உப்பைக் குறை, கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்தாதே.

இனிமேல் சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லு கண்ணு. இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது, தெரியும். கொஞ்சம் திட்டுவேன். அதையாவது செய்ய விடு.

நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நீ நிறைந்து வாழ வேண்டும். அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா