ஓமப்பொடி டப்பாவில் ஒரு கேமரா

டீச்சர்,

உன் கேமராவில் இன்னும் ஓமப்பொடி வாசனை அடிக்கிறது. நேற்றுக் காலை அதை வெளியே எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனேன். கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும் என்று அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையும் சேர்த்து இறுக்கி மூடி வைப்பாய். ஒரு தீபாவளிக்கு நான் ஓமப்பொடி போட்டு மாடிக்குக் கொடுத்தனுப்பிய டப்பா அது. திரும்பி வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம், "இப்ப அது கேமரா வீடு அக்கா, காலி பண்ணச் சொல்லாதீங்க" என்பாய்.

சர்ச்சில் உன் ஆண்டு நினைவுப் பூசை முடிந்த கையோடு உன் வீட்டுக்காரர் டப்பாவையும் பையையும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாயாம். வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன். என்னுடைய கேமராவையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன். நீ போன பிறகு நான் ஒரு படமும் எடுக்கவில்லை. தனியாகப் போய் ஏரிக்கரையில் நிற்க எனக்கு என்ன தலையெழுத்து என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயம். பறவையை எடுப்பேன். மனிதர்களை எடுக்க நீ வேண்டும்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் மறுபடியும் வந்தார். செல்வி என்று யாரோ உன் எண்ணுக்குப் போன் செய்து டீச்சரம்மாவைக் கேட்டார்களாம். பீர்க்கன்கரணை ஏரி, மஸ்கட் போன பெண், போட்டோ என்று ஏதேதோ சொன்னார்களாம். நீ இல்லை என்று சொல்ல மனம் வராமல், பிறகு கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டாராம். "எனக்கு ஒண்ணும் புரியல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று போனை என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

உன்னை இந்த மேற்குத் தாம்பரத்தில் பாதிப் பேர் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், ஆனால் நீ, வா, போ போட்டு. வயதில் சின்னவள், மேல்மாடிக்காரி, அந்த உரிமை. உன் மகன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய கேமராவை நீ கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து, பொறாமையில் நான் புதிதாக ஒன்று வாங்கினேன். அதோடு நிற்காமல் பெரிய லென்ஸ், மூன்று கால் ஸ்டாண்ட், மழைக்கு உறை. எல்லாம் வாங்கிய பிறகும் என் படத்தில் கொக்கு வெள்ளைத் துணி மாதிரிதான் விழுந்தது. உனக்கு ஞாயிறு மாலைப் பூசை, அதனால் காலை முழுவதும் நம்முடையது. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் ஸ்கூட்டியில் கேமராப் பையோடு கிளம்புவதைப் பார்த்து, "எந்த மண்டபத்துல கல்யாணம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத ஞாயிறு கிடையாது.

நீ பள்ளியில் இயற்பியல் நடத்தினாய். ஒளி எந்தக் கோணத்தில் விழும் என்பதெல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வெளியே வந்தால் ஒரு வார்த்தை பாடம் எடுக்க மாட்டாய். நீ செய்வதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டால் உண்டு. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் ஒரு பூக்கார அம்மா கூடையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், நினைவிருக்கிறதா? சாய்ந்த வெயில் கனகாம்பரத்தின் மேலும் அவள் கன்னத்தின் மேலும் ஒன்றாக விழுந்திருந்தது. பரிசு வாங்கும் படம் என்று எனக்குக் கை பரபரத்தது. நீ என் லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தாய்.

"தூங்கறவங்ககிட்ட கேட்க முடியாதே அக்கா."

அவள் எழும்வரை காத்திருந்தோம். அதற்குள் வெயில் ஏறி, அந்த ஒளி போய்விட்டது. போய்க் கேட்டால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீ சரிம்மா என்றாய், பூ வாங்கினாய், எனக்கும் வைத்துவிட்டாய். வழி நெடுக நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். உனக்கு அதில் வருத்தமே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

செல்வி கதைக்கு வருகிறேன். அன்று பீர்க்கன்கரணை ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக இறங்கியிருந்தன. நான் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கரையிலிருந்த சின்னக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு ஒரு குடும்பம் நம்மிடம் வந்தது. அப்பா, அம்மா, ஒரே பெண். அம்மாதான் செல்வி. பெண் நந்தினி நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்காக அன்று மதியம் மஸ்கட் கிளம்புகிறாள்.

"இன்னாக்கா, எம்மாம் பெரிய கேமரா வெச்சுகினு கீறீங்க, எங்களயும் ஒண்ணு புடிச்சுக் குடுங்களேன்" என்றாள் செல்வி.

அவள் என் பெரிய கேமராவைப் பார்த்துத்தான் கேட்டாள். டீச்சர் எடுப்பாங்க என்று நான் உன்னைக் கை காட்டினேன். நீ அவர்களை ஏரியைப் பின்னால் வைத்து நிறுத்தினாய். அப்பா ரேஷன் கார்டுக்கு நிற்பது போல விறைத்துக்கொண்டு நின்றார். நீ பேச்சுக் கொடுத்து, இடம் மாற்றி, நிறைய எடுத்தாய். போன் எண் வாங்கிக்கொண்டு, பிரிண்ட் போட்டு நேரில் கொண்டுவந்து தருவதாகவும், நந்தினிக்குப் போனில் அனுப்புவதாகவும் சொன்னாய்.

பெருங்களத்தூர் ஓட்டலில் பொங்கலைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் நீ படங்களைப் பார்க்க எடுத்தாய். உன் முகம் மாறியதைப் பார்த்து எனக்குக் கேமரா கெட்டுவிட்டதோ என்று தோன்றியது. அதைவிட மோசம். உள்ளே மெமரி கார்டே இல்லை. முந்தைய நாள் கம்ப்யூட்டரில் செருகியது அங்கேயே இருக்கிறது. கார்டு இல்லாமலும் அந்தக் கேமரா கிளிக் கிளிக்கென்று எடுத்துத் தள்ளும், திரையில் ஒரு கணம் படத்தைக்கூடக் காட்டும். கார்டு இல்லை என்று மூலையில் பொடி எழுத்தில் வரும். வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வரும் நமக்கு அது எங்கே தெரியப்போகிறது?

போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுவிடலாம், அந்தப் பெண் லீவில் வரும்போது எடுத்தால் போச்சு என்றேன். நீ பொங்கலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய்.

"மூணு பேரும் சேர்ந்த படம் அவ கையில ஒண்ணுகூட இல்ல அக்கா. நான் எடுத்துட்டேன்னு நம்பி, அவங்க வேற யார்கிட்டயும் கேட்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து கார்டை எடுத்துக்கொண்டு அப்படியே ஜிஎஸ்டி ரோட்டில் ஏறினோம். குரோம்பேட்டை சிக்னலில் நான் திட்டாத ஆள் இல்லை. நீ பின்னால் உட்கார்ந்து செல்விக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தாய், யாரும் எடுக்கவில்லை. விமான நிலையத்தில் புறப்பாட்டு வாசலில் தள்ளுவண்டியோடு அவர்களைக் கண்டுபிடித்தபோது நந்தினி பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துவிட்டாள். நம்மைப் பார்த்ததும் செல்வி பயந்துவிட்டாள். கோயிலில் எதையோ விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று நினைத்தாளாம்.

கூட்டம் அதிகம், ஏதோ காரணம் சொல்லி இன்னொரு படம் என்று கேட்டிருக்கலாம். நீ அவர்கள் முன்னால் நின்று, வகுப்பில் விடை தெரியாத பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "காலையில எடுத்தது ஒண்ணும் விழல. கார்டு போட மறந்துட்டேன். என் தப்பு. இன்னொரு தடவை நில்லுங்க." அப்புறம் கேமராவின் பக்கவாட்டில் இருக்கும் அந்தக் குட்டிக் கதவைத் திறந்து அவர்களிடம் காட்டினாய். "பாருங்க, இந்தத் தடவை இருக்கு."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் அந்த விறைப்பான அப்பாதான். "டீச்சரே கோட்டை வுட்டுட்டாங்களா" என்றார். செல்வி அவர் கையில் ஒன்று போட்டாள். காலையிலிருந்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்த நந்தினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. நீ எடுத்துவிட்டாய். பின்னால் ஏரியும் இல்லை, நாரையும் இல்லை, விசில் ஊதும் காவலரும் ஒரு டாக்சியும்தான். ஆனாலும் அதைப்போல ஒரு படத்தை நான் என் வாழ்நாளில் எடுத்ததில்லை. எடுக்கத் தெரிந்த ஆளோடு இத்தனை ஞாயிறு சுற்றினேன் என்பதே எனக்குப் போதும்.

அதற்குப் பிறகு அது உன் வழக்கமாகிவிட்டது. பம்மல் பட்டறைக்காரர்களானாலும், பொத்தேரி டீக்கடையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளானாலும், முதலில் கதவைத் திறந்து கார்டைக் காட்டி, ஏர்போர்ட் கதையை ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாய். எத்தனை தடவைதான் மானத்தை வாங்கிக்கொள்வாய் என்று ஒருநாள் கேட்டேன். "நம்ம தப்பை முதல்ல காட்டிட்டா, அவங்க முகத்தை இறுக்கிக்கிறதில்ல அக்கா" என்றாய். நான் லென்சுக்குக் கொட்டிய காசில் இந்த ஒன்றை வாங்க முடிந்திருக்குமா?

நேற்றுதான் அவர்களைப் பார்க்கப் போனேன். நந்தினி லீவில் வந்திருக்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அடுத்த நாளே திரும்பிப் போகிறாள். அன்று ஏரிக்கரையில் விழாமல் போன படத்தை இப்போது டீச்சரம்மா கையால் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். திரும்பக் கூப்பிட்டபோது எனக்கும் சொல்ல வாய் வரவில்லை, வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். என் கேமராவைத் தொடாமல் உன்னுடையதைப் பையோடு எடுத்துக்கொண்டேன்.

அதே கோயில் வாசலில் நின்றார்கள். அப்பாவுக்கு நடை தளர்ந்து கம்பு வந்திருக்கிறது. "டீச்சரம்மா எங்கக்கா?" என்று செல்வி என் முதுகுக்குப் பின்னால் தேடினாள். சொன்னேன். போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலம், புற்றுநோய், கண்டுபிடித்த பிறகு அதிக நாள் இல்லை என்று சொன்னேன். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "போட்டோல்லாம் வோணாங்கா, மனசே செரியில்ல" என்றாள் செல்வி.

நந்தினி மறுநாள் போய்விடுவாள். அப்பா அடுத்த லீவுக்கு எப்படி இருப்பாரோ. உன்னைப் போலப் பேச்சுக் கொடுக்க எனக்கு வராது. என்ன செய்வதென்று தெரியாமல், நீ செய்வதைச் செய்தேன். கேமராவை அவர்கள் பக்கம் திருப்பி, குட்டிக் கதவைத் திறந்து, "பாருங்க, கார்டு இருக்கு" என்றேன்.

இல்லை, டீச்சர். உள்ளே காலி.

உன் படங்கள் அழிந்துவிடக் கூடாதென்று உன் வீட்டுக்காரர் கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறாராம், பிறகு கேட்டபோதுதான் சொன்னார். பேட்டரியை மட்டும் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போன என் புத்தியை என்ன சொல்ல. நான் விழித்த விழியைப் பார்த்து நந்தினிக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. அப்பா திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். கம்பை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இன்னாமோ டீச்சரம்மா போய்ட்டாங்கன்னு சொன்னீங்க," என்றார். "இங்கதான் கீறாங்க."

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். உன் பையில் அவசரத்துக்கு ஒரு கார்டு இருக்கும் என்று நினைவு வந்தது. ஏர்போர்ட் நாளுக்குப் பிறகு நீ அதை ஜெபமாலைப் பையில்தான் வைத்திருப்பாய், எங்கே தொலைத்தாலும் அதைத் தொலைக்க மாட்டேன் என்பாய். கை விட்டேன், மணிகளுக்கு நடுவில் இருந்தது. போட்டேன். கதவைத் திறந்து மறுபடி காட்டினேன். குழந்தை கையை நீட்டி அதைப் பிடுங்கப் பார்க்க, எல்லோருமாக அதைத் தடுக்க, அந்தக் களேபரத்தில் எடுத்தேன். பின்னால் ஏரி இருக்கிறது. குழந்தையின் கை கொஞ்சம் கலங்கலாக விழுந்திருக்கிறது. நீ பார்த்தால் நல்லா வந்திருக்கு என்பாய்.

நந்தினிக்கு நேற்றே போனில் அனுப்பிவிட்டேன். பிரிண்ட் போட்டு ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஸ்டேஷன் வழியாகத்தான் போவேன். அந்தப் பூக்கார அம்மா விழித்திருந்தால் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். வேண்டாம் என்றால் பூ வாங்கிக்கொள்கிறேன்.

கேமராவை ஓமப்பொடி டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். கார்டு போட்டிருக்கிறேன், டீச்சர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.