மூன்று சுழியா, இரண்டு சுழியா

உங்கள் வேனை நான் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நகரியில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் எதையும் பூட்டவில்லை. சாவி நீங்கள் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. கான்வென்ட்டில் படித்த அம்மாவுக்கு வண்டியைத் தானம் கொடுக்கக் கர்வம் விடவில்லை என்றும் சொல்கிறார்களாம். கர்வம் எனக்கு உண்டு. இந்தக் காரியத்தில் அது இல்லை.

இன்று காலை பாஸ்கர் வந்தான். உங்களோடு வேனில் போய் வந்துகொண்டிருந்த அதே பாஸ்கர். இறந்தவர்களை ஊர் கொண்டுசேர்க்கும் உங்கள் சேவையை, நீங்கள் போனபின் வண்டி இல்லாமலே அவன்தான் நடத்தப் பார்க்கிறான். ஷெட்டில் தார்ப்பாயை விலக்கியதும் காய்ந்த எலுமிச்சையும் கற்பூரமும் கலந்த வாசனை எழுந்தது. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன்.

புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் வைக்க வாங்கும் எலுமிச்சம்பழங்களில் மிஞ்சியதை எல்லாம் இந்த வேனைத் தேய்த்துக் கழுவத்தான் வைத்திருப்பீர்கள். காலையில் மாலை போட்ட காரை ஒரு குடும்பத்திடம் கொடுத்து, அவர்களோடு சிரித்து, போட்டோவுக்கு நின்று, மதியம் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து யாருடைய உடலையோ விஜயபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக்குக் கொண்டுபோவீர்கள். காசு வாங்கமாட்டீர்கள். ஷோரூம்காரர் ஏன் இந்த வேலை செய்யவேண்டும் என்று நான் கேட்டதற்கு, "கார் வாங்கறவன் நான் இல்லன்னா வேற ஷோரூமுக்குப் போவான். இதுல வர்றவன் எங்க போவான், சொல்லு" என்றீர்கள்.

நீங்கள் முதன்முதலாக விற்ற வண்டி இந்த வேன்தான். வாங்கியவர் பல வருடம் கழித்து விற்க வந்தபோது நீங்களே திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். போணி வண்டி என்றே பெயர். போணி ஆகாமல் உங்களுக்கு நாள் தொடங்காது. வைப்பர் பிளேடு விற்றாலும் சரிதான். "கார் வித்தாத்தான் போனின்னா மாசத்துல பாதி நாளு நான் பட்னி கெடக்கணும்" என்பீர்கள். "போனி இல்லை, போணி. மூன்று சுழி" என்று நான் திருத்துவேன்.

"இன்னா சுழியோ. உங்க கான்வென்ட்டுல நாக்குக்கும் யூனிஃபார்ம் போட்டு உட்டுட்டாங்க."

கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். கல்யாணமான நாள் முதல் திருத்தியும் அந்த ஒரு எழுத்து உங்கள் நாக்கில் ஏறவே இல்லை. தண்ணீர் உங்களுக்குக் கடைசிவரை தன்னிதான்.

தெலுங்கில் இன்னொரு போனி இருக்கிறது. விட்டுவிடு, போகட்டும் என்று பொருள். அதற்கு இரண்டு சுழி. வாடிக்கையாளர் சண்டை போட்டால் "போனிலே" என்று தோளில் தட்டுவீர்கள். என்னிடம் அதைச் சொன்னதில்லை. என்னிடம் "வுடும்மே" என்பீர்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் வாய் கோணிப்போய் நாக்கு புரளாமல் கிடந்தீர்கள். சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்று நான்தான் சொன்னேன். டாக்டர், "மீ இஷ்டம் அம்மா", உங்கள் விருப்பம், என்றார். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அப்போது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உதடு சரியாக மூடாமல், போனி என்பதுபோல் ஒரு சொல் வந்தது. கடை திறக்கிற நேரம். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் ஒவ்வொரு காலையும் நீங்கள் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? "ஆச்சு, போணி ஆச்சு" என்று சொன்னேன். என்னையே பார்த்தீர்கள். பிறகு கையை விட்டீர்கள். புத்தூர் தாண்டியதும் மூச்சு நின்றது. ஆம்புலன்ஸ் சென்னைக்குப் போகவில்லை. நம் ஷோரூம் வாசலில் வந்து நின்றது.

உங்களைப் பெத்தாயன, பெரியவர், என்றே கூப்பிடும் பாஸ்கர் இன்று சொன்னான்: "அம்மா, அன்னிக்கி நானும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். பெத்தாயன தெலுங்குலதான் சொன்னாரு. போனின்னாரு. இந்த வண்டிய எங்ககிட்ட வுட்டுடுன்னு சொன்னாரு."

"அவர் என்னிடம் தெலுங்கு பேசமாட்டார்."

"கடசில வாயில இன்னா பாஷ வரும்னு யாருக்கும்மா தெரியும்?"

அவன் வண்டியை நினைத்துச் சொல்கிறான். அந்த நேரத்தில் நீங்கள் வண்டியையா நினைத்திருப்பீர்கள்? இரண்டு சுழி என்றால், விடச் சொன்னது உங்களைத்தான். வீட்டுக்கு விடு, போகவிடு என்று கேட்டவரிடம் நான் வியாபாரக் கணக்கைச் சொல்லி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். மூன்று சுழி என்றால் கேட்டதற்குப் பதில் கிடைத்து நிம்மதியாகப் போயிருக்கிறீர்கள். ஊரில் எல்லாருடைய உச்சரிப்பையும் திருத்தியவள் நான். எனக்குத் தேவையான அந்த ஒரு சொல்லை என்னால் திருத்த முடியவில்லை. யாரிடம் கேட்பது? அந்த அறையில் இருந்த மற்றொருவனும் வேறு விதமாகக் கேட்டிருக்கிறான்.

போன வாரம் விஜயபுரத்துப் பக்கம் ஒரு பெண்ணின் உடலை ஷேர் ஆட்டோவில் குறுக்கே கிடத்திக் கொண்டுபோனார்களாம். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். புருஷன் அதைப் பிடித்துக்கொண்டே போனானாம். இதைச் சொல்லிவிட்டுப் பாஸ்கர், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவேன். அதற்கு உங்கள் பதில் வேண்டாம். வண்டி விஷயத்தில் உங்கள் விருப்பம் எதுவென்று அந்த எலுமிச்சை வாசனையே சொல்லிவிட்டது. இனி ஷெட் காலியாக இருக்கும். அந்த ஒரு சொல்தான் என்னோடு இருக்கும். காலையில் கடை திறக்கிற நேரம் வந்தால் மணிக்கட்டில் உங்கள் பிடி இறுகுகிறது. போணி ஆச்சு என்பதா, வீட்டுக்குப் போகலாம் என்பதா?

நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியதில்லை. இப்போது எழுதுங்கள். நலம் விசாரிக்க வேண்டாம். அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள். சுழி தெளிவாக இருக்கட்டும்.