கெட்டிமேளம் கொட்டாத கல்யாணம்

அப்பா,

நீங்கள் என்னை விட்டுப் போன மூன்று மாதத்தில் இன்றுதான் உங்கள் காமிராப் பெட்டியைத் திறந்தேன். படம் கழுவும் ஹைப்போ நெடி இன்னும் போகவில்லை. உள்ளே நான்காக மடித்த தாள் ஒன்று. டீச்சர் கல்யாணத்துக்காக நான் எழுதிக் கொடுத்த பட்டியல்: பாட்டு, ஜெபம், வாக்குறுதி, மோதிரம், கையெழுத்து.

கொடைக்கானல் பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்தவர் அந்த டீச்சர். பழனியில் எத்தனையோ கல்யாணம் எடுத்த உங்களுக்கு, சர்ச் கல்யாணம் அதுதான் முதல். பள்ளி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன்.

"தாலி எப்பக் கட்டுவாங்கம்மா?"

"புத்தகத்துல தாலியே இல்லப்பா."

"தாலி இல்லாம கல்யாணமா? மேளம் கொட்டுவாங்கல்ல, அப்பப் பாத்துக்கலாம்."

காலையில் டீச்சர் வீட்டார் தங்கியிருந்த தோட்டத்து பங்களாவுக்குப் போனோம். டீச்சரின் அம்மாவால் நடக்க முடியாது. "தம்பி, நான் கோயிலுக்கு வரல. தாலி கட்டுறத மட்டும் எடுத்துட்டு வந்துருங்க, நான் பாக்கணும்" என்றார். "அதுதானம்மா என் சோலி" என்றீர்கள்.

சர்ச்சில் மோதிரம் மாற்றியதை எடுத்தீர்கள். பிறகு பிளாஷ் பல்பை மாற்றிவிட்டுக் காத்திருந்தீர்கள். மேளம் வரவில்லை. சர்ச் குருவான ஐயர் ஜெபம் செய்தார். எல்லோரும் தலை குனிந்தார்கள், நாமும் குனிந்தோம். நிமிர்ந்தபோது மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சையும் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தார்.

பங்களாப் புல்வெளியில் கேக் வெட்டி முடித்ததும், டீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னீர்கள். "இன்னொரு தரம் கட்டுற மாதிரி நின்னீங்கன்னா வெரசா எடுத்துருவேன்."

"நாதசுரக்காரர் வருவாருன்னு நின்னுட்டீங்களாண்ணே?" என்று மாப்பிள்ளை சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. "ஆண்டவர் முன்னால ஒரு தரம் கட்டுனதுங்க. அவுத்துக் கட்ட இது என்ன ஷூ லேசா?"

வராந்தாவில் நாற்காலியில் இருந்த டீச்சரின் அம்மாவிடமும் நீங்களே போய்ச் சொன்னீர்கள். "சரி, அவள இங்க வரச் சொல்லுங்க" என்றார்.

டீச்சர் குனிந்தார். அம்மா தாலியை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது எடுத்தீர்கள். அந்தப் படத்தைத்தான் அவர்கள் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில், "நான் எழுதாம விட்டதாலதானேப்பா?" என்று கேட்டேன்.

"தாலி உண்டுன்னு எனக்குத் தெரியும்லம்மா. காதால படம் பிடிக்க நின்னது நாந்தான்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவில்லை. இன்றுதான் பார்க்கிறேன்: மோதிரத்துக்கும் கையெழுத்துக்கும் இடையில் நெருக்கி, உங்கள் பென்சில் எழுத்து. "தாலி. சத்தம் இருக்காது."

தாளை என் சரித்திர நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இனி எதை வரிசையாக எழுதினாலும், வரிக்கு வரி கொஞ்சம் இடம் விட்டே எழுதுவேன், அப்பா.