முதுகு வலி என்று எழுதினேன்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த மேரி, முழங்கால் வலிக்கிறது என்று தைலம் தேடினாள். தேடிக்கொண்டே போய் என் பழைய யூனிபார்ம் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் கையை விட்டுவிட்டாள். அடியில் கிடந்த அந்தச் சின்ன டப்பாவைத் திறந்ததும் வீடு முழுக்க வாசனை. மேலே ஒட்டியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் உன் பெயர். அதை வை என்று கத்தினேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நான் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் டப்பாவை மூடிவிட்டு, "இது எப்படி உங்ககிட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு அவளிடம் சொன்னேன். இன்று உன்னிடம் எழுதுகிறேன். போலீஸ் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கிறார்கள், அதனால் அவசரமில்லை.

நீ துப்பாக்கியைக் காதலித்தவன். பயிற்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு ரைபிளைப் பிரித்து மாட்டியவர்களில் உன்னைவிட வேகமானவன் நம் பேட்சில் கிடையாது. நான் ஸ்பிரிங்கைக் காணோம் என்று தரையைத் தடவிக்கொண்டிருப்பேன், நீ முடித்துவிட்டு என் பக்கத்தில் நின்று விசில் அடிப்பாய். "நீயெல்லாம் பேனா புடிக்கத்தான்டா லாயக்கு" என்பாய். அது பலித்தது. ஆயுதப்படையில் கம்பெனி ரைட்டர் நாற்காலி எனக்கு வந்தது. யாருக்கு எங்கே டூட்டி என்று பட்டியல் போடுவதும், உடம்பு சரியில்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதிக்கொடுப்பதும் என் வேலை. துப்பாக்கியோடு காவல் நிற்கிற பாரா டூட்டி உன் வேலை.

தாம்பரத்தில் கிளம்புகிற மின்சார ரயிலில் உன் கைக்குட்டை எனக்கு இடம் பிடித்திருக்கும். நான் தாமதமாக வந்தால் யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணிடம், "இந்த சீட்டுல ஒரு பெரிய ஆபீசர் வந்துகினு இருக்காரும்மா" என்று சொல்லி வைத்திருப்பாய். பெரிய ஆபீசர் டிபன் பாக்ஸோடு மூச்சு வாங்க ஏறுவார். வண்டி பல்லாவரம் தாண்டும் வரைக்கும் நீ அடங்கமாட்டாய்.

தோட்டக்காரர் என்று நாம் பட்டம் வைத்த போலீஸ்காரரை நினைவிருக்கிறதா? அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, நாம்தான் மறந்துவிட்டோம். ராத்திரியில் தூக்கம் வரவில்லை, காதில் குரல் கேட்கிறது என்று அவர் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். மறுநாளே அவரிடமிருந்து ஆயுதத்தை வாங்கிவிட்டார்கள். மைதானத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி ரப்பர் குழாயைக் கையில் கொடுத்தார்கள். மெஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இலை எழுந்துவிடும். அவர் குழாயோடு நடந்தால், "சார் லோட் பண்ணிட்டாரு, ஓடுங்கடா" என்று நீ சொல்வாய். நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சிரிப்புதான் பிறகு என் பேனாவைப் பிடித்து இழுத்தது.

உனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. பந்தோபஸ்து மேல் பந்தோபஸ்து, லீவு கேட்டால் பார்க்கலாம் என்ற பதில், அது எல்லோருக்கும்தான். ஆனால் ரயிலில் நீ பேச்சைக் குறைத்தாய். கைக்குட்டை போடுவதும் நின்றது. எதிரில் காலி சீட் இருந்தாலும் கதவோரம் நின்றுகொண்டு வந்தாய். ஒரு நாள் காலையில், தாம்பரம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"மச்சான், எனக்கு எவனைப் பாத்தும் பயமில்ல. என்னைப் பாத்தாதான் பயமா கீது. துப்பாக்கி மட்டும் குடுக்காதடா."

உன் டீ ஆறி ஏடு படியும் வரைக்கும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானே சீட்டு எழுதுகிறேன் என்றேன். நீ தலையாட்டினாய். அவ்வளவு சுலபமாக நீ எதற்கும் தலையாட்டியவன் இல்லை.

ஆபீசில் சீட்டை எடுத்து வைத்தேன். 'உடல் உபாதை' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மனசு சரியில்லை என்றே எழுது என்று சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. லூசாடா நீ, அதை எழுதினால் நாளைக்கே உன் கையில் குழாய்தான், ஆயுசுக்கும் அந்தப் பெயர் போகாது, பெண் பிள்ளையை வைத்திருக்கிறாய் என்று பொரிந்து தள்ளினேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். 'முதுகு வலி' என்று எழுதிக் கையில் கொடுத்தேன். நீ அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய்.

டாக்டர் சீட்டில் உள்ள வலிக்கு மருந்து கொடுத்தார். ஒரு டப்பா தைலம், மாத்திரை, ஒரு வாரம் பரேடு வேண்டாம், லேசான டூட்டி போதும் என்று ஒரு வரி. நம் இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். பாவம்ப்பா, உட்காருகிற மாதிரி ஏதாவது போடு என்றார். உட்காருகிற டூட்டி என்று கம்பெனியில் இருந்தது ஒன்றுதான். ஒரு பங்களா வாசலில் ஒற்றை ஆள் பாரா. நாற்காலி உண்டு, தலைக்கு மேல் ஃபேன் உண்டு, மடியில் துப்பாக்கி உண்டு. அந்தப் பட்டியலில் உன் பெயரை எழுதியது என் கை. முதுகு வலி இல்லை சார், விஷயம் வேறு என்று அவரிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் சொன்னால் என் பொய் வெளியே வந்துவிடும். எழுதினேன்.

பட்டியலைப் பார்த்துவிட்டு நீ என் மேஜைக்கு வந்தாய். சேர் இருக்குடா, ஃபேன் இருக்கு, ஒரு வாரம் ஓட்டிடு என்று நான் சொன்னேன். நீ பையிலிருந்து பிரிக்காத அந்த டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தாய்.

"இதை நீயே தேச்சிக்கோ மச்சான். எனக்கு எங்க கீது முதுகு வலி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆயுதக் கிடங்குப் பக்கம் நடந்து போனாய். அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த வாசலிலிருந்து போன் வந்தது. நீ இல்லை.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். ஏதாவது மனக்கஷ்டம் இருந்ததாகச் சொன்னாரா? முதுகு வலி என்றுதான் சொன்னார் சார் என்றேன். அந்த வாக்குமூலத்தில் என் கையெழுத்து இருக்கிறது. வலி தாங்காமல்தான் நீ அப்படிச் செய்துகொண்டாய் என்று பேச்சு பரவியது. உன்னை எடுப்பதற்கு முன்னால் உன் மனைவி, என்னைத் தன் கூடப்பிறந்தவனாக நினைத்தவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணா, அவருக்கு முதுகு வலியே கிடையாதே. யாருண்ணா அப்படிச் சொன்னது?" நான் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் தேடினேன். அவள் குழந்தையோடு கேளம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு முறைகூட நான் அங்கே போகவில்லை.

அதன் பிறகு அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு பாராவுக்குப் போனேன். முதல் வருடம் ஒன்றுமில்லை. இப்போது ஆறு மாதமாகத் தூக்கம் போய்விட்டது. துப்பாக்கியை வாங்கியதும் சுவரில் சாய்த்துவிட்டு எட்டப் போய் நிற்கிறேன். நீ டீக்கடையில் சொன்ன பயம் எது என்று இப்போது எனக்குத் தெரியும், மச்சான். அதை எப்படி நீ சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு நடந்தாய்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேரி என்னைத் திட்டவில்லை. அழுதாள். பிறகு, "உங்க சீட்டுல நீங்க என்னன்னு எழுதப் போறீங்க?" என்று கேட்டாள்.

இன்று காலையில் சீட்டு வாங்கக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் இப்போது ஒரு பெண் ஏட்டு. நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்ததுமே பேனாவைத் திறந்தாள். "முதுகு வலின்னு போட்டுடவா சார்? எல்லாரும் அதான் போடச் சொல்றாங்க" என்றாள். எல்லாரும் என்றாளே, மச்சான். எத்தனை பேர் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு துப்பாக்கி வாங்கப் போயிருப்பார்கள்?

பேனாவை வாங்கி நானே எழுதினேன். தூக்கமில்லை. மனசு சரியில்லை. என்னைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. எனக்கு ஆயுதம் கொடுக்க வேண்டாம். எழுதியதை அவள் படித்துவிட்டு எழுந்து நின்றாள். அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாளைக்கு மைதானத்தில் குழாய் என் கையில் இருக்கும். சிரிக்கட்டும்.

சீட்டு இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது, டப்பா கால்சட்டைப் பையில். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு இங்கிருந்து நேராகக் கேளம்பாக்கம் பஸ் பிடிக்கிறேன். யார் சொன்னது என்று அன்றைக்கு அவள் கேட்டாள். நான்தான் என்று சொல்ல வேண்டும்.