குறட்டை நின்ற பிறகு

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா ஆசியோடு எழுதிக்கொள்வது. நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அங்கே சுகமாயிருக்க வேண்டும். அப்பாவும் சுகம் என்றுதான் போனில் சொன்னேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறென்ன சொல்வது, அதனால்தான் இந்தக் கடிதம்.

முட்டி ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. மயக்கம் தெளிகிற அறையில் இத்தனை வருஷம் நர்ஸாகக் குப்பை கொட்டியவள் நான், ஆனால் சொந்தக்காரரை நாமே பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம், அதனால் என்னைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த நர்ஸ், நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. உன் அப்பா குறட்டையை ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவாரே, அதே குறட்டை. திடீரென்று நின்றது. அப்பாடா, ஐயா இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஆக்சிஜன் வைத்திருந்தால் மூச்சு நின்றாலும் மானிட்டர் கொஞ்ச நேரம் நல்லதையேதான் காட்டும், அதை நம்பித்தான் ஏமாறுவோம். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குறட்டையைத் திட்டித் தீர்த்தவள் நான், அது நின்றதும் எழுந்துவிட்டேன். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று திரையை விலக்கினேன். வயிறு எழும்புகிறது, நெஞ்சு உள்ளே போகிறது, மூக்கில் காற்றே இல்லை, உதட்டில் நீலம் ஏற ஆரம்பித்திருந்தது. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்திருந்தது. தாடையை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க என்று காதுக்குள் கத்தினேன். டாக்டர் ஓடி வருவதற்குள் மூச்சு வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "ரெண்டு பேர்ல நீ யாரு?" என்று கேட்டார். மயக்க மருந்து உளறல் எத்தனையோ கேட்டிருக்கிறேன், மறுநாள் சரியாகிவிடும் என்று இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொல்கிறார். மயக்கத்தில் கிடக்கும்போது கட்டில் கால்மாட்டில் ஒருத்தி நின்றாளாம், என் முகம்தானாம், என் குரல்தானாம். கஷ்டப்பட்டது போதும், தூங்குங்க என்று அன்பாகச் சொன்னாளாம். தாடையைப் பிடித்து இழுத்தது இன்னொருத்தியாம். "அவ உன்ன மாதிரி கத்தலை" என்கிறார். எனக்கு அழுகையா ஆத்திரமா தெரியவில்லை.

சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியை யாருக்கோ இழுத்துப் போட்டு அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. வயதானவர்களுக்கு இப்படி வரும், நாளாக நாளாகத் தெளியும் என்கிறார் டாக்டர். நானும் எத்தனை குடும்பங்களுக்கு அதையே, அதே முகத்தோடு சொல்லியிருக்கிறேன், இப்போதுதான் அது எவ்வளவு சின்ன ஆறுதல் என்று தெரிகிறது.

அடுத்த முட்டியையும் கையோடு முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என் பயம். ஊசியைக் கண்டாலே நடுங்குகிற மனுஷன் தேதி குறிச்சாச்சா என்று தினமும் கேட்கிறார். போன வாரம் டாக்டர் தானாகவே, இந்தத் தடவை இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போடலாம், விழித்துக்கொண்டே இருக்கலாம், குறட்டைக்காரருக்கு அதுதான் நல்லது என்றார். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "வேணாம் டாக்டர், முழுசா தூங்க வெச்சிடுங்க. அங்க ஆள் காத்திருக்கு" என்றார். டாக்டர் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, கவலைப்படாதீங்க, அம்மா வெளியிலதான் இருப்பாங்க என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நான் வேண்டாம் என்றால் அவர் காதில் ஏறாது, நீ சொன்னால் கேட்பார். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிடு, மாப்பிள்ளையையும் சொல்லச் சொல். பிள்ளைக்கு இருமல் விட்டதா, வெந்நீரே கொடு. நீங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அவரிடமே பேசு, கத்தினவள்தான் அம்மா என்று நீயாவது அவருக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா